ஹெட்போன் முதலில், ஆம்ப் அப்புறம்

நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன் என்பவர்கள் அடுத்த மூச்சில் கேட்பது, "அதுக்குத் தனியா ஆம்ப் போடணுமா?" யூடியூபில் நாலு வீடியோ பார்த்தால் போதும், ஆம்ப் இல்லாமல் கேட்பவன் ஏதோ பாதிப் பாட்டைத்தான் கேட்கிறான் என்ற பயம் வந்துவிடுகிறது. பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலோருக்கு வேண்டாம். கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கை ஹெட்போனில் போடுங்கள். ஆம்ப் உண்மையிலேயே தேவைப்படுகிற சிலரில் நீங்களும் ஒருவரா என்பதை, அட்டைப் பெட்டியில் அச்சடித்திருக்கும் ரெண்டே எண்களை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம், அதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம்.

ஆம்ப்ளிபயர் என்றதும் நம் பக்கத்தில் பலருக்கு நினைவு வருவது கோயில் கொடைக்கு வரும் மைக் செட்காரரின் பெட்டிதான். வேப்பமரத்தில் குழாயைக் கட்டி, மூன்று தெரு தள்ளி இருக்கும் வீட்டுக்கும் கேட்க வைக்க அது நூற்றுக்கணக்கான வாட் தள்ள வேண்டியிருக்கிறது. ஹெட்போன் ஆம்ப் செய்வதும் அதே வேலைதான். வருகிற சின்ன சிக்னலைப் பெரிதாக்கி, ஹெட்போனுக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கரை, டிரைவர் என்பார்கள், அசைப்பது. ஆனால் இங்கே டிரைவர் காதை ஒட்டி இருப்பதால் எல்லாமே மில்லிவாட் கணக்கு, அதாவது ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த ஒரே ஒரு மில்லிவாட்டில் பெரும்பாலான ஹெட்போன்கள் 95 டெசிபலைத் தாண்டிவிடும், அதை ரொம்ப நேரம் கேட்டால் காது போய்விடும். உங்கள் போனிலும் லேப்டாப்பிலும் ஏற்கெனவே ஒரு சின்ன ஆம்ப் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அது போதுமா போதாதா என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

அதற்கு முன்னால் இன்னொன்று. எங்கே உட்கார்ந்து கேட்கப் போகிறீர்கள்?

ஹெட்போனில் பின்பக்கம் வலை போட்டுத் திறந்திருப்பது ஒரு வகை, ஓபன் பேக் என்பார்கள். பின்பக்கம் மூடியிருப்பது குளோஸ்டு பேக். அப்புறம் காதுக்குள்ளேயே சொருகுகிற இன்-இயர். ஓபன் பேக்கில் சத்தம் அடைபடாமல் வெளியே போவதால் பாட்டு காற்றோட்டமாக, கொஞ்சம் தள்ளி நின்று கேட்பது மாதிரி இருக்கும். ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு தனி அறையில் கேட்க அதற்கு ஈடு இல்லை. ஆனால் நீங்கள் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும், அடுப்படி மிக்ஸி சத்தம் அப்படியே உங்களுக்கும் வரும். ஆபீஸில் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பக்கத்து மேஜைக்காரர் மரியாதைக்கு ரெண்டு நாள் பொறுப்பார். அலுவலகத்துக்குக் குளோஸ்டு பேக் அல்லது இன்-இயர்தான் சரி, இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் பாடுதான் சிக்கல். தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் 2011ல் ஜோஹோ வந்த காலத்திலிருந்தே ஊரில் இருந்துகொண்டு கம்ப்யூட்டர் வேலை பார்ப்பது நமக்குப் பழக்கம்தான், கொரோனாவுக்குப் பிறகு அம்பை, ஆலங்குளம், களக்காடு என்று மாடி அறை மாடி அறையாக ஆள் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் கேட்பது, சத்தத்தை அடக்குகிற ஹெட்போன், அந்த ஏஎன்சி. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் எங்கே காலை வாரும் என்பதும் தெரியும். வெளியே இருக்கும் மைக் இரைச்சலைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே விட்டு இரண்டையும் ஒன்றை ஒன்று அழிக்க வைக்கிறது. 1978ல் விமானத்தில் போய்க்கொண்டிருந்த அமர் போஸ், இன்ஜின் இரைச்சலில் பாட்டுக் கேட்க முடியாத கடுப்பில்தான் இந்த வழியில் யோசிக்க ஆரம்பித்தார். இன்ஜின் இரைச்சல் தாழ்ந்த சுருதியில், மாறாமல் ஒரே சீராக வருவது. ஆகவே மின்விசிறி, ஏசி, பஸ் இன்ஜின் இதையெல்லாம் ஏஎன்சி அருமையாக அடக்கும். கொடைக்குக் கட்டின குழாயில் வருவது முழுக்கக் குரல் சுருதி, அதுவும் நொடிக்கு நொடி மாறுவது. அங்கே ஏஎன்சியை நம்பிப் பத்தாயிரம் போடுவதைவிட, காதில் இறுக்கமாகப் பொருந்துகிற இன்-இயர் ஒன்று, ஆயிரம் ரெண்டாயிரத்தில் கிடைப்பது, நன்றாகவே காப்பாற்றும். பொருத்தம் சரியாக இருந்தால் வெளிச்சத்தம் ஏறத்தாழ 20 டெசிபல் குறையும். பெட்டியோடு மூன்று அளவில் ரப்பர் கொடுத்திருப்பார்கள், பலர் மாட்டி வந்த அளவையே கடைசிவரை வைத்திருக்கிறார்கள். மூன்றையும் போட்டுப் பாருங்கள். ரெண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்றும் கட்டாயம் இல்லை. பேஸ், அதாவது தாழ்ந்த சுருதி, வரவில்லை என்று குறைப்படுகிறவர்களில் பாதிப் பேருக்குக் குறை ரப்பரில்தான் இருக்கும்.

புளூடூத் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம், ஏனென்றால் ஆம்ப் கேள்வி அதற்குக் கிடையவே கிடையாது. புளூடூத் ஹெட்போனுக்குள்ளேயே டாக் (டிஜிட்டல் எண்ணை மின்சிக்னலாக்கும் சிப்), ஆம்ப் எல்லாம் இருக்கிறது, வெளியே எதையும் இணைத்து அதை மேம்படுத்த முடியாது. ஆனால் மீட்டிங் பார்ப்பவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாட்டு நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும், கால் சேர்ந்த உடனே எல்லோர் குரலும் பழைய லேண்ட்லைன் போனில் கேட்பதுபோல் ஆகிவிடும். ஹெட்போன் பழுது என்று நினைத்து மாற்றக் கொடுத்துவிடாதீர்கள். ஹெட்போனில் உள்ள மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும் புளூடூத் பேச்சுக்கான வேறொரு முறைக்குத் தாவுகிறது, அதில் போவதும் வருவதும் குறைந்த தரத்தில்தான். மீட்டிங் மென்பொருளின் அமைப்பில் போய் மைக்குக்கு லேப்டாப்பின் சொந்த மைக்கையும், சத்தத்துக்கு மட்டும் ஹெட்போனையும் தேர்ந்தெடுத்துவிட்டால் தரம் பழையபடி திரும்பிவிடும். அல்லது ஒயர் வைத்த ஹெட்செட். ஆடிக்காற்று சீசனில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் எந்த மைக்காக இருந்தாலும் எதிர்முனைக்காரருக்குப் புயல்தான் கேட்கும், அதற்கு ஜன்னலைச் சாத்துவது ஒன்றே வழி.

சரி, இப்போது எண்கள்.

பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது ஓம், இம்பிடன்ஸ் என்று போட்டிருக்கும். இன்-இயர்களும் சாதாரண ஹெட்போன்களும் 16, 32, 38 ஓம் என்று இருக்கும். சென்ஹைசர் எச்டி 650 மாதிரியானவை 300 ஓம். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ என்ற ஒரே மாடல் 32, 80, 250 ஓம் என்று மூன்று விதமாக வருகிறது, ஓமைப் பார்க்காமல் 250 ஓம் எடுத்துவிட்டுப் போனில் சொருகி, சத்தமே பத்தவில்லை என்பவர்கள் நிறைய. ஓம் கூடக்கூட அதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும், ஓம் குறைவாக இருந்தால் அதிக கரண்ட் இழுக்கும். மாடித் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது வோல்டேஜ், குழாயில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்பது கரண்ட், ஓம் என்பது குழாய் எவ்வளவு ஒடுக்கம் என்பது. இதைத் தாண்டி இந்த உவமையை இழுக்க வேண்டாம், உடைந்துவிடும்.

ஓம் மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் எல்லோரும் செய்வது. அது பாதிக் கணக்கு. இன்னொரு எண் சென்சிட்டிவிட்டி. கொடுத்த மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது. இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது, ஏமாற்று என்று சொல்லக்கூடாதுதான், ஆனால் விளைவு அதுதான்: சில கம்பெனி ஒரு மில்லிவாட்டுக்கு இவ்வளவு டெசிபல் என்று போடும், சில கம்பெனி ஒரு வோல்ட்டுக்கு இவ்வளவு என்று போடும். ரெண்டும் ஒன்றல்ல. 32 ஓம் ஹெட்போனில் ஒரு வோல்ட் என்பது சுமார் 31 மில்லிவாட். ஆகவே வோல்ட்டுக்கு 115 என்று பெருமையாகப் போட்டிருப்பதும், மில்லிவாட்டுக்கு 100 என்று அடக்கமாகப் போட்டிருப்பதும் ஒரே ஹெட்போனாக இருக்கலாம். எண்ணுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் ரெண்டு மாடலை ஒப்பிடாதீர்கள்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். எச்டி 650க்கு ஒரு வோல்ட்டில் 103 டெசிபல் என்று சென்ஹைசர் சொல்கிறது. போனின் சார்ஜர் துளையில் சொருகி ஹெட்போனை மாட்டிக்கொள்ளும் சின்ன இணைப்பான், அந்த டாங்கிள், சாதாரணமானவற்றில் பல அதிகபட்சம் ஒரு வோல்ட் தரும். அப்படியானால் போன் டாங்கிளிலேயே 103 வரை போகும். நீங்கள் நிதானமாகக் கேட்பது 75, 80 டெசிபல். 80 டெசிபலுக்கு அந்த ஹெட்போன் எடுப்பது ஒரு மில்லிவாட்டில் அறுபதில் ஒரு பங்குதான்! இந்தக் காலத்து சினிமாப் பாட்டு எல்லாம் சத்தத்தை அமுக்கி ஒரே மட்டத்தில் ஏற்றிப் பதிவு செய்தவை, அதற்கு இது தாராளம். ஆனால் கச்சேரிப் பதிவோ, பெரிய ஆர்க்கெஸ்ட்ரா பதிவோ வேறு மாதிரி. தம்புரா சன்னமாக ஒலிக்கிற இடத்துக்கும் தவில் முழங்குகிற இடத்துக்கும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும், அதனால் மொத்தப் பதிவையும் தாழ்த்தி வைத்திருப்பார்கள். உச்சத்தில் ஒரு கணம் 110 டெசிபல் தேவைப்படுகிறது என்று வைத்தால் எச்டி 650க்கு 2.2 வோல்ட் வேண்டும், ஒரு வோல்ட் டாங்கிள் அங்கே நின்றுவிடும். இதே டாங்கிளில் ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ் போட்டால், அது 38 ஓம், மில்லிவாட்டுக்கு 99 டெசிபல், ஒரு வோல்ட்டில் 113 வரை போய்விடும். அதற்கு ஆம்ப் வாங்குவது வீண்.

பிளானர் வகை ஹெட்போன்கள், அதாவது தட்டையான மெல்லிய சவ்வை டிரைவராக வைத்தவை, எச்டி 650க்கு நேர் எதிர். ஓம் குறைவாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு போனில் ஓடும் என்று நினைப்போம். 37 ஓம், மில்லிவாட்டுக்கு 94 டெசிபல் என்று போட்ட ஒரு பிளானருக்கு அதே 110ஐத் தொட 40 மில்லிவாட் வேண்டும். வோல்டேஜ் 1.2தான், ஆனால் 33 மில்லி ஆம்பியர் கரண்ட் இழுக்கும், எச்டி 650 இழுப்பது ஏழுதான். சின்ன டாங்கிள்கள் அங்கே திணறும். இப்படிப்பட்டவர்களுக்குத்தான் ஆம்ப்.

அப்படி வாங்கும்போதும் வாட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். 500 மில்லிவாட் ஆம்புக்கும் 1000 மில்லிவாட் ஆம்புக்கும் நடுவில் இருப்பது 3 டெசிபல், வால்யூம் குமிழை லேசாகத் திருப்பினால் வருகிற அளவு. அதைவிட முக்கியமானதை யாரும் கேட்பதில்லை, ஆம்பின் அவுட்புட் இம்பிடன்ஸ், அதாவது ஆம்ப் தன் பக்கம் வைத்திருக்கும் ஓம். அது ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு, 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓமுக்குள். ஏன் என்றால், டைனமிக் ஹெட்போனின் (பிளானர் அல்லாத வழக்கமான வகை) ஓம் எல்லாச் சுருதியிலும் ஒன்றாக இருப்பதில்லை. 300 என்று எழுதியிருக்கும் எச்டி 650 பேஸ் பகுதியில் 500ஐ நெருங்கும். ஆம்பின் பக்கம் ஓம் அதிகமாக இருந்தால் அந்த இடத்தில் மட்டும் சத்தம் கூடி, பேஸ் ஊதிப்போகும். வீட்டில் பழைய ஸ்பீக்கர் ஆம்ப் இருக்கிறது, அதன் ஹெட்போன் ஜாக்கில் சொருகிக்கொள்ளலாமே என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவற்றில் பலவற்றில் ஸ்பீக்கருக்குப் போவதையே ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாக ஜாக்குக்குத் திருப்பிவிட்டிருப்பார்கள், நூறு ஓமைத் தாண்டி இருக்கும். 300 ஓம் ஹெட்போன் தாங்கிக்கொள்ளும், 16 ஓம் இன்-இயரில் சத்தமே குணம் மாறிவிடும்.

டாக் என்று ஒன்று சொன்னேன், அது டிஜிட்டல் எண்களை மின்சிக்னலாக மாற்றுவது. இதைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றும் இல்லை. 1982ல் வந்த சிடியின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவே மனிதக் காது கேட்கும் 20 கிலோஹெர்ட்ஸ் வரை முழுதாகப் பிடித்துவிடுகிறது. இன்றைக்கு ஒழுங்கான ஒரு டாங்கிளில் இருக்கும் டாக் சிப் அதைக் குறையில்லாமல் செய்கிறது. முப்பதாயிரத்துக்கு டாக் வாங்குகிறவர்களோடு நான் சண்டை போடுவதில்லை, அவ்வளவுதான்.

நம் வீடுகளில் டாக்கைவிடப் பெரிய பிரச்சினை எர்த். மேஜை ஆம்ப் வாங்கி லேப்டாப்போடு இணைத்ததும் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம், ஆம்ப் மோசம் என்று திட்டுவோம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ரீங்காரம் நின்றுவிட்டால் ஆம்பில் குற்றம் இல்லை, பெரும்பாலும் சார்ஜரிலோ வீட்டு எர்த்திலோதான். உலோக உடம்பு லேப்டாப்பில் கை வைத்தால் லேசாகச் சுருக்கென்று இருக்கிறதா, அதுவும் இதே கதைதான். மூன்று பின் சார்ஜரை இரண்டு ஓட்டை எக்ஸ்டென்ஷனில் அமுக்கிச் சொருகியிருப்போம், அல்லது பிளக்கில் மூன்றாவது ஓட்டை பேருக்கு இருக்கும், பின்னால் ஒயரே இருக்காது. ஒயர் இருந்தாலும், கரியும் உப்பும் போட்டுப் பதித்த எர்த் குழி சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும். அதில் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றின பிறகு ரீங்காரம் அடங்கிப்போன வீடுகள் உண்டு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்ப்பது ஆம்ப் மாற்றுவதைவிடச் சல்லிசு, உயிருக்கும் நல்லது. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் கரகரப்பு வந்தால் உங்களுடையது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும், ஃபேனும் அப்போது உறுமும், கவனித்திருப்பீர்கள். பேட்டரியில் ஓடும் டாங்கிளுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

கடையில் போட்டுப் பார்க்கும்போது கடைக்காரர் வைக்கும் பாட்டை விட்டுவிடுங்கள். அதில் பேஸ் அதிரும், எல்லா ஹெட்போனும் நன்றாகத்தான் இருக்கும். "அண்ணாச்சி, நான் ஒரு பாட்டு வச்சுக்கிடுதேன்" என்று உங்கள் போனிலிருந்து பல தடவை கேட்டுப் பழகின ஒன்றைப் போடுங்கள். பேஸ் பார்க்க நான் வைத்துக்கொள்வது கணியான் கூத்துப் பதிவு. அதில் மகுடம் என்ற தோல் கருவி இரண்டு ஒலிக்கும், ஒன்று உச்சம், ஒன்று மந்தம். மந்த மகுடத்தின் அடி விழுந்து, தோல் அதிர்ந்து, அடங்குவது மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தால் அந்த ஹெட்போனின் பேஸ் சுத்தம். வெறும் 'தொம்' என்று ஒரு பொதியாக வந்து உச்சத்தையும் சேர்த்து அமுக்கினால், பேஸ் அதிகம், நல்ல பேஸ் இல்லை. நாகஸ்வரம் மேல் சுருதிக்குச் சோதனை. காருகுறிச்சி அருணாசலத்தின் பழைய பதிவு ஒன்றைப் போட்டால் குத்துகிற ட்ரெபிள் உள்ள ஹெட்போன் முதல் நிமிஷத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும், கழற்றத் தோன்றும். ஆனால் அந்தக் காலத்துப் பதிவுகள் மோனோ, இரண்டு காதிலும் வருவது ஒன்றேதான், டேப்பின் இரைச்சலும் கூடவே இருக்கும். மேடை அகலமாகத் தெரிகிறதா என்று அதில் தேடக்கூடாது, எத்தனை லட்சத்துக்கு ஆம்ப் போட்டாலும் வராது. இன்னொன்று, ரெண்டு ஹெட்போனை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வையுங்கள். ஒரு டெசிபல் கூட இருந்தாலே அதுதான் நன்றாக இருக்கிறது என்று மூளை தீர்ப்புச் சொல்லிவிடும், விற்கத் தெரிந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

காது குஷன் எதில் செய்தது என்பதை எந்த விமர்சனமும் பெரிதாகச் சொல்வதில்லை, அவர்கள் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டையில் ரெக்சின் குஷன் போட்ட குளோஸ்டு பேக்கை அரை மணி நேரம் மாட்டினால் காதைச் சுற்றி வியர்வை வழியும். ரெண்டு கோடை தாண்டினால் ரெக்சின் கறுப்புச் செதிலாக உரிந்து கன்னத்தில் ஒட்டும். துணி மாதிரியான வெலூர் குஷன் சூட்டுக்குத் தேவலை, வியர்வையைக் குடிக்கும், ஆகவே கழற்றித் துவைக்க முடிகிறதா என்று பாருங்கள். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் மாதங்களில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும், மாத்திரை டப்பாவில் வரும் அந்த சிலிகா ஜெல் பொட்டலத்தைப் போட்டு மூடி வைத்தால் போதும். குஷனும் ஒயரும் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்கும் மாடல் பத்து வருஷம் ஓடும். ஒயர் உள்ளே ஒட்டியதாக இருந்தால் ஜாக் பக்கம் முறிந்த அன்றைக்கு சால்டர் வைக்கத் தெரிந்த ஆளைத் தேட வேண்டும், மொபைல் சர்வீஸ் கடையில் பாதிப் பேர் முடியாது என்றுதான் சொல்வார்கள்.

சத்தத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல், இது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10. நாள் முழுக்க ஹெட்போனோடு வேலை பார்ப்பவருக்கு 40 மணி என்பது சரியாக ஆபீஸ் நேரம்தான், வீட்டுக்கு வந்து கேட்பதற்கு அதில் மிச்சம் இல்லை. ஆம்ப் வாங்கினவுடன் எல்லோரும் வால்யூமை ஏற்றித்தான் பார்ப்பார்கள், ஏறுகிறது என்பதற்காக ஏற்றாதீர்கள்.

கடைசியாகச் செலவு. போனில் அல்லது லேப்டாப்பில் இருக்கும் ஜாக்கில் முதலில் போட்டுக் கேளுங்கள், ஜாக் இல்லை என்றால் ஆயிரம் ரூபாய்க்குச் சற்று முன்னே பின்னே ஒரு நல்ல டாங்கிள். வால்யூம் முக்கால்வாசியிலேயே போதுமான சத்தம் வருகிறதா, அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். முழுசாக ஏற்றியும் தாழ்வான பதிவுகள் கேட்கவில்லை என்றால் மட்டும் ரெண்டு வோல்ட்டோ அதற்கு மேலோ தருகிற பெரிய டாங்கிளோ மேஜை ஆம்போ பார்க்கலாம். சத்தம் போதும், ஆனால் பேஸ் கொஞ்சம் வேண்டும், ட்ரெபிள் கொஞ்சம் குறைய வேண்டும் என்பது உங்கள் குறையானால் ஆம்ப் அதைத் தீர்க்காது. நல்ல ஆம்ப் சத்தத்தின் குணத்தை மாற்றாது, மாற்றினால் அது நல்ல ஆம்பே இல்லை. அதற்கு ஈக்வலைசர் இருக்கிறது. விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டில் வேவ்லெட், இரண்டும் காசு கொடுக்காமல் கிடைக்கும். எந்த இடத்தையும் ஏற்றுவதற்குப் பதில் மற்ற இடங்களைக் குறைத்துப் பழகுங்கள், சத்தம் உடையாது.